நாற்காலி கேட்டவள்

"பாய் விரிச்சுத் தரையில உட்கார வைக்கிற கடைக்கெல்லாம் நான் வரமாட்டேன். நாற்காலி இருக்கணும். இல்லேன்னா என்னை விட்டுட்டு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

விவிக் இப்படிச் சொன்னதும், அதுவரை கலகலவென்றிருந்த துத்திக்கின் வீட்டுக் கூடம் சட்டென்று அடங்கிப்போனது.

இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு தோழிகள். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ரயிலேறி, ஜோக்ஜா நகரத்தில் இரண்டு நாள் ஆட்டம் போட்டுவிட்டு, ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். நால்வருக்கும் ஒரே துணியில் மஞ்சள் உடுப்புகூடத் தைத்தாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் விவிக் முட்டுக்கட்டை போடுகிறாள்.

"மாலியோபோரோ தெருவுல பாயில உட்கார்ந்து பலாக்காய்க் குடெக் சாப்பிடலைன்னா, ஜோக்ஜாவுக்கு எதுக்குடி போகணும்?" என்றாள் நூருல்.

"குடெக் வாய்க்குள்ளதானே போகுது? நாற்காலியில உட்கார்ந்தா போகாதா? எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குதுடி."

"சரி, போரோபுதூர் கோயில்?"

"அத்தனை படியா? ஆளை விடு."

"தாமான் சாரி நீர்மாளிகை?" இது துத்திக்.

"அங்கேயும் படி. சைக்கிள் ரிக்‌ஷாவுல ஊர் சுத்துவோம். பாட்டுக் கச்சேரி நடக்குற காபிக்கடை ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், சாய்மானம் வெச்ச நாற்காலி. ஓட்டல்ல லிப்ட் இருக்கான்னும் கேட்டுட்டேன்."

சோபாவில் இருந்த ரெத்னோவுக்கு அப்பாடா என்று இருந்தது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால் வரமுடியாது என்று சொல்லத்தான் அவள் இன்று வந்திருந்தாள்.

ஏனென்றால், ஆறு மாதமாக அவளுக்கும் முட்டி மடங்கவில்லை. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளி விழாவில் ஆடிக் கோப்பை வாங்கியவள், இன்றைக்கும் நால்வரில் சின்னவள் மாதிரி இருப்பவள் என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயரை விட அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது யார் புண்ணியத்திலோ ஜோக்ஜாவுக்குப் போகலாம். நன்றியோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரெத்னோவா இருப்பாள்?

"பாருங்கடி, நம்ம கிழவியை! போற இடமெல்லாம் நாற்காலியைத் தலையில சுமந்துட்டுப் போகணும் போலிருக்கே," என்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். அதோடு விட்டாளா? வாட்ஸ்அப் குழுவின் பெயரையே 'நாற்காலி ராணியும் தோழிகளும்' என்று மாற்றினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விவிக்கும் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. மற்ற மூவரும் எழுந்தார்கள்.

"எனக்கு லீவுடி," என்றாள் ரெத்னோ. மாதவிலக்கு என்றால் தொழுகை கிடையாது, யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொள்வாள்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, பாதி திறந்திருந்த ஓர் அறைக் கதவு வழியே, தனியாகத் தொழுதுகொண்டிருந்த விவிக்கைப் பார்த்தாள். தரையில் நெற்றி வைத்திருந்தவள், கையைக்கூட ஊன்றாமல் பட்டென்று எழுந்து நின்றாள்.

ரெத்னோவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடிப்பாவி, அத்தனையும் நடிப்பா!

தொழுகை முடிந்து துத்திக்கும் நூருலும் வாழைப்பழம் பொரிக்கச் சமையலறைக்குப் போனார்கள். விவிக் காலை இழுத்து இழுத்து நடந்துவந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"போதும்டி நடிப்பு. நான் பார்த்துட்டேன். சொகுசா ஊர் சுத்தணும்னா நேரா சொல்றதுதானே? எங்க மூணு பேரையும் ஏமாத்திட்டியே. அவங்க வரட்டும், போட்டு உடைக்கிறேன்."

விவிக் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பொய்தான். அதை நான் அல்லாகிட்ட பேசிக்கிறேன். நீ கத்தாத."

"யாருக்காக இந்தப் பொய்?"

"போன மாசம் நூருல் வீட்ல தொழுகை நேரத்துல உனக்கு லீவு. அடுத்த வாரம் என் வீட்ல லீவு. இன்னிக்கும் லீவு."

"அதுக்கென்ன இப்போ?"

"எனக்கு எல்லாம் நின்னுபோச்சு, இந்த ரமலான்ல முப்பது நோன்பையும் ஒண்ணுவிடாம வெச்சேன்னு எங்கிட்ட பெருமையடிச்சது யாருடி?"

ரெத்னோவின் கை தானாகத் தன் முட்டிக்குப் போனது.

"அன்னிக்கு எங்க வீட்டு சோபாவை விட்டு நீ எழுந்திருக்க பட்ட பாட்டையும் பார்த்தேன். கேட்டா ஒத்துக்கவா போற? ஏதாவது சாக்கு சொல்லிட்டு வராம இருந்துடுவ. நீ இல்லாம எனக்கு என்னடி ஜோக்ஜா?"

சமையலறைக் கதவு திறந்தது. "முதல் தட்டு நம்ம நாற்காலி ராணிக்கு!" என்று கத்திக்கொண்டே நூருல் வந்தாள். விவிக் உடனே ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி..." என்று மறு கையை நீட்டினாள்.

ரெத்னோ கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இங்க கொடு, நூருல். ராணி அவ இல்லடி, நான்தான்."