பெட்டிக்கு நாலு தக்காளி

தராசுகிட்ட நிற்கிறவங்க கை சுத்தமா இருக்கணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

பிஜித் தீவில், எங்கள் சிங்கத்தோக்கா ஆற்றங்கரையில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து கடற்கரை ஹோட்டலுக்குத் தக்காளி அனுப்புகிறோம். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லார் பெட்டியும் கொட்டகைக்கு வந்துவிடும். மக்கெரேதா மதினிதான் எடை போட்டு, மூடி அடித்து, லாரியில் ஏற்றுபவர்.

ஒவ்வொரு பெட்டியிலும் மேலாக நாலு தக்காளியை எடுத்துத் தன் ஓலைக்கூடையில் போட்டுக்கொள்வார். எந்த வாரமும் தப்பாது.

"மதினி, நாலு நாலா எடுத்து வீட்டுல தக்காளிக் கடை போட்டிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மூடி மூட வேண்டாமா? பெட்டியில போட்டிருக்கிற கோடு வரைக்கும் நிரப்புங்கன்னா யாரு கேக்குறீங்க?"

கோடு வரைக்கும் எப்படி நிரப்புவது? இன்னொருத்தருக்குக் கொடுக்கிற பெட்டி குவிந்திருக்க வேண்டாமா? தலை தட்டிக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?

முறைப்படி நானும் மதினியும் பார்த்த இடத்திலெல்லாம் கேலி பேசிக்கொள்ள வேண்டும். நான் பேசுவேன். அவர் பதிலுக்கு ஒரு கேலி பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த ஹோட்டல் கணக்கு லேசுப்பட்டதல்ல. வாரம் ஒரு பெட்டியாவது போக வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் விட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அந்த இடத்துக்குக் கீழ்க்கரையில் ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

ஜூலையில் என் பெயரே போயிருக்கும். நான் பிரசவத்துக்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில். வீட்டுக்காரர் ஆரஞ்சு பறிக்க ஆஸ்திரேலியாவில். ஆனாலும் இரண்டு வாரமும் பட்டியலில் என் பெயருக்குள்ள ஒன்பதாம் நம்பருக்குப் பணம் வந்திருந்தது! பாவம், மாமியார் அந்த முழங்கால் வலியோடு பறித்து அனுப்பியிருக்கிறார். ஊரெல்லாம் அவர் பெருமையைச் சொல்லி, இடுப்பில் கட்ட ஒரு புது சுலு வாங்கிக் கொடுத்தேன். சிவப்புச் செம்பருத்தி போட்டது. அதைக் கட்டிக்கொண்டு சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

சரி, இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். லாரியோடு ஹோட்டல் அதிகாரியும் வந்து இறங்கினார்.

"யாருக்காவது ஏதாவது குறை இருக்கா? தைரியமா சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற செரியானா என் இடுப்பைக் கிள்ளினாள்.

"சொல்லுடி. உனக்குத்தான் வாய் நீளம்."

"சொன்னா மதினிக்கு வேலை போயிடும்டி."

"போகட்டும். பெட்டிக்கு நாலுன்னா வாரத்துக்கு எத்தனை ஆச்சு?"

"வெறும் வாயால சொன்னா நம்புவாரா? இரு, அந்தக் கூடையையே தூக்கிட்டு வந்து அவர் காலடியில கவிழ்க்கிறேன்."

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன்.

மதினி தரையில் உட்கார்ந்திருந்தார். கூடையிலிருந்து ஒவ்வொரு தக்காளியாகத் துடைத்து ஒரு காலிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் பதினாலு என்று நம்பர் ஒட்டியிருந்தது.

"பதினாலு லைசானி நம்பராச்சே மதினி? மகனுக்கு டெங்குன்னு ரெண்டு வாரமா ஆஸ்பத்திரியிலல்ல கிடக்கா?"

"அவதான் அங்க கிடக்கா. அவ பெட்டி வாராவாரம் போகுது."

பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எல்லா வாரமும் இப்படித்தானா?"

"ஒரு வாரமாவது எல்லார் வீடும் நல்லா இருந்திருக்கா? யாருக்காவது ஒரு பெட்டி குறையத்தானே செய்யுது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே கொடுத்திருப்போமே!"

"கொடுப்பீங்க. கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லவும் செய்வீங்க. வாங்கினவ அப்புறம் எப்படி உங்க முகத்துல முழிப்பா?"

கூடையைத் தூக்க வந்த கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"உங்களைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன் மதினி. எங்க மாமியாருக்கு அடுத்து இந்த ஊருல தங்கமான மனசு உங்களுக்குத்தான்."

தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்த மதினியின் கை நின்றது.

"உன் மாமியார் செருப்பு நழுவினாக்கூட நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுக்கிறேன். அவங்களா தோட்டத்துல குனிஞ்சு தக்காளி பறிச்சாங்க?"



"அப்ப... ஜூலையில... ஒன்பதாம் நம்பர்..."

"ரெண்டு பெட்டி. ரெண்டாவதுல பாதி உன் சிநேகிதி செரியானாவோட தக்காளி. அவகிட்ட சொல்லிடாதே."

முன்பக்கத்திலிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். "அங்க யாரும்மா? ஏதாவது குறை இருக்கா?"

"ஒரே ஒரு குறைதான் ஐயா!" என்று கத்தினேன். "நீங்க கொடுக்கிற பெட்டி ரொம்பச் சின்னது. எங்க தக்காளி உள்ளே அடங்க மாட்டேங்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் தக்காளி அடுக்க உட்கார்ந்தேன். பதினாலாம் நம்பர் பெட்டி நிறைந்தது. அதையும் கோட்டுக்கு மேலே குவித்தேவிட்டேன். மதினி அதிலிருந்து நாலு தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டு மூடியை அடித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவர் பல் தெரிந்தது.

"உனைசி, அந்தச் செம்பருத்தி சுலுவை ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு உன் மாமியார்கிட்ட இரவல் வாங்கிக் குடேன். நானும் ஒருதடவை கட்டிப் பார்த்துக்கிறேன்!"