முதுகில் எட்டு முனை

"இன்னொரு கரண்டி ஊத்துடி" என்று தட்டை நீட்டினான் கம்ரோன்.

லம்துவான் மீன்குழம்பை ஊற்றினாள். இது மூன்றாவது கரண்டி. நேற்று அவன் அறைந்த கன்னம் இன்னும் எரிந்தது, அதைவிட வயிறு எரிந்தது.

நீளமான வெட்டுக்கத்தி வாசலில் சாத்தியிருந்தது. சாப்பிட்ட கையோடு படகுத்துறைக்குப் போய் அவள் தம்பி தியனை வெட்டப் போகிறானாம். 'அக்கா மேல கை வைக்காதே' என்று நாலு பேர் முன்னால் சொன்னதுதான் தியன் செய்த குற்றம்.

"அவனும் மீன்கத்தியோட திரியறவன்தான். உங்க மேல பட்டுட்டா?"

"படுமா?" கம்ரோன் சட்டையில்லாத முதுகைத் திருப்பிக் காட்டினான். "குருநாதர் மந்திரம் சொல்லிப் பச்சை குத்தின நட்சத்திரம்டி. எட்டு முனையும் எட்டுத் திசைக்குக் காவல். எவன் கத்தியும் என்னைத் தொடாது."

அந்தக் காவலுக்கு விரதங்கள் உண்டு. பெண்டாட்டியை அடிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அது அந்தப் புண்ணியவானுக்கு எப்போதோ மறந்து போயிற்று.

நட்சத்திரப் பழத்தை வாயில் வைத்தால் முதுகு நட்சத்திரம் செத்துவிடும் என்ற விரதத்தை மட்டும் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தான். தவறிக்கூட வாயில் பட்டுவிடக் கூடாதென்று, அவள் அம்மா வைத்த அந்தப் பழ மரத்தைக் கல்யாணமான புதிதிலேயே வெட்டிச் சாய்த்தான். அப்புறம் வீடு வீடாகப் போய் மிரட்டி, ஊரில் அந்த மரத்தின் ஒரு கன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அம்மா அழுத அழுகையை லம்துவான் இன்னும் மறக்கவில்லை.

"இன்னிக்குக் குழம்பு தூக்கல். என்னா புளிப்பு!" கம்ரோன் தட்டை வழித்து நக்கினான்.

"எதைப் போட்டுப் புளிக்க வெச்சேன்னு கேக்கலியே?"

நக்கிய விரல் வாயிலேயே நின்றது.

"குறுக்கே வெட்டினா அஞ்சு முனை தெரியுமே, அந்தப் பழந்தான். நசுக்கிப் பிழிஞ்சு ஊத்தினேன். மூணு கரண்டி உள்ளே போயிருக்கு."

கம்ரோன் முற்றத்துக்கு ஓடினான். தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினான், பேருக்குக்கூட ஒன்றும் வரவில்லை. கையை ஓங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

அடுப்படிக் கத்தியோடு எழுந்து நின்றாள் லம்துவான். இத்தனை வருஷக் கோபமும் குரலில் வந்தது. "வாடா. வந்து அடி. இனிமே உன் முதுகு வெறும் தோலு. தியன் கத்தி கிடக்கட்டும், முதல்ல என் கத்திக்குப் பதில் சொல்லு!"

முதல் தடவையாக அவன் பின்வாங்கினான். வாசலில் இருந்த வெட்டுக்கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொல்லை வழியாகக் குருநாதர் வீட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தான். வீராதி வீரன் வேட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் ஓடினான்.

லம்துவான் காலையிலேயே கட்டி வைத்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். துறையில் தம்பியின் படகு இருக்கும்.

வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பயோம் ஓடி வந்தாள். "அடி ஆத்தீ! அந்தப் பழம் எங்கேக்கா கிடைச்சுது உனக்கு?"

லம்துவான் செருப்பை மாட்டினாள்.

"பழம் ஏதுடி? அத்தனையும் புளி!"