படித்த பெண்கள் சிரிப்பதில்லை

"கிராணியாரே, பொண்ணைப் படிக்க வைக்கப் போறீங்களா, இல்ல அழ வைக்கப் போறீங்களா?"

துணி மூட்டையை வாசலில் இறக்கிய கையோடு சபாபதி இப்படித்தான் ஆரம்பித்தார். ஜொகூரில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சேலை விற்கிறவர் அவர். ரயில் நிற்கிற ஊரில் எல்லாம் அவருக்குத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. அவர் கேட்காமலே புத்தி சொல்லாத வீடும் கிடையாது.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மணியம் அவசரமாக வாசலுக்கு வந்தார். ரப்பர் விலை விழுந்து, மறுபடி கொஞ்சம் எழுந்திருந்த சமயம். அந்தத் தைரியத்தில்தான் மகள் செல்வராணியை இங்கிலீஷ் படிக்க ஜொகூர் பாருவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருந்தார். அங்கே சித்தி வீட்டில் தங்கல். மத்தியான ரயிலில் பயணம். தகரப் பெட்டி பூட்டித் தயாராகக் கூடத்தில் இருந்தது. பக்கத்தில் காவல் நிற்கிற மாதிரி செல்வராணி நின்றாள்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புற நேரத்துல என்னண்ணே இது?" என்றாள் மணியத்தின் மனைவி கிருஷ்ணம்மா.

"நல்ல காரியமா? அலமாக்! தங்கச்சி, நான் வாய்க்கு வந்ததைச் சொல்றவன் இல்ல. வருஷா வருஷம் தீபாவளிக்குச் சேலை கொண்டு போறேன். பாவாடை கட்டின நாள்லேருந்து அந்தப் பொண்ணுங்களைப் பாத்துக்கிட்டு வர்றேன். செகாமட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மக, குளுவாங் ஸ்டேஷன் மாஸ்டர் மக, பெக்கோக் வாத்தியார் மக. எல்லாம் இங்கிலீஷ் படிச்சதுங்க. சின்னதுல எப்படிக் கலகலன்னு இருந்துச்சுங்க தெரியுமா? இப்பப் புருஷன் வீட்டுக்குப் போனா, என்னைப் பாத்ததும் மூஞ்சி உம்முன்னு ஆயிடுது. போன வருஷம் குளுவாங் பொண்ணு கதவைக்கூடத் திறக்கல!"

"ஐயோ பாவம். படிக்காததுங்க?"

"இங்க கூலிக்காரங்க லயத்துல இருக்கிற, ரப்பர் மரம் சீவுற அங்கம்மாவைப் பாரு, ராசம்மாவைப் பாரு. ரெண்டும் கைநாட்டு. பல்லு தெரியச் சிரிக்குதுங்க! புருஷன்கூடக் கேலி என்ன, கிண்டல் என்ன! புத்தகம் படிக்கப் படிக்க மனசு கனத்துப் போகுது தங்கச்சி. அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல."

இவ்வளவு பெரிய ஆராய்ச்சியை லண்டனில்கூட எவனும் செய்திருக்க மாட்டான். அங்கே ஆராய்கிறவனுக்கு இடையில் ஒரு சந்தேகமாவது வந்து தொலைக்கும். சபாபதிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மணியம் மெதுவாக இருமினார். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கப் போகுது..."

"ஒரு காக்கா உக்காந்து ஒரு பழம் விழுந்தா நீங்க சொல்றது சரி கிராணியாரே. காக்கா உக்காந்த மரத்துல எல்லாம் பழம் விழுது. உக்காராத மரத்துல ஒண்ணுகூட விழல. இதுக்கு என்ன சொல்றீங்க?"

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கே இங்கிலீஷில் பதில் சொல்கிற மணியம், பூட்டிய பெட்டியைப் பார்த்தார். மகள் பக்கம் திரும்பினார்.

"ராணி, எதுக்கும் அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்பா. சேத்துக்க மாட்டாங்க." செல்வராணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பாத்தீங்களா? படிக்கப் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு!" என்று சபாபதி அந்தக் கண்ணீரையும் தன் சாட்சிகளோடு சேர்த்துக்கொண்டார்.

கிருஷ்ணம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவளும் கைநாட்டுதான். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று சபாபதி ஒரு தீபாவளிக்கும் விசாரித்ததில்லை. இருந்தாலும் மகள் நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாழ்வாளோ என்கிற பயம் அவளையும் பிடித்துக்கொண்டது. கோப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏண்ணே, அந்தப் படிச்ச பொண்ணுங்களை எல்லாம் சொந்தத்துலயா கட்டிக் குடுத்தாங்க?"

"நல்லா கேட்ட போ! சொந்தத்துல கட்டினது அங்கம்மாவும் ராசம்மாவும். ஒருத்திக்கு அத்தை மவன், இன்னொருத்திக்கு மாமன் மவன். கூடவே மண்ணுல விளையாடி வளந்தவனுங்க. யாரும் பாத்துக் குடுக்க வேண்டியதில்ல. இங்கிலீஷ் படிச்ச பொண்ணை மரம் சீவுற அத்தை மவனுக்கு எந்த அப்பன் குடுப்பான்? வெளியிலதான் தேடணும்."

"பொண்ணு முன்னப் பின்னப் பாத்திருக்காத மாப்பிள்ளையா?"

"பின்ன? மணவறையிலதான் மூஞ்சியே பாப்பாங்க."

"யாருண்ணே தேடிக் குடுத்தாங்க?"

சபாபதி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் பெருமை வழிந்தது.

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட? இந்த ஜொகூர்ல படிச்ச பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க என்னை விட்டா வேற யாரு இருக்கா? அத்தனை கல்யாணத்தையும் நானேதான் முன்ன நின்னு முடிச்சு வெச்சேன்!"

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏங்க, ரயிலுக்கு நேரமாச்சு, பெட்டியைத் தூக்குங்க" என்று புருஷனை விரட்டிய கிருஷ்ணம்மா, சபாபதி பக்கம் திரும்பினாள்.

"மரத்து மேல ஏறிப் பழத்தை உலுக்கி விட்டது நீங்க, பழி மட்டும் காக்கா மேலயாண்ணே?"