போகக் கூடாத முனை

“அலை எப்படி சார்? நான் கத்துக்குட்டி,” என்றாள் கடைக்குள் வந்த இனெஸ்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் ஃபின்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பிறகு ஆறு மாதம் கடலைப் பார்க்கலாம், இறங்க முடியாது. அதற்கு முன் ஆளில்லாத அலையில் ஒருமுறை தனியாகச் சறுக்கிவிட வேண்டும். நல்ல அலைக்கு வேண்டிய கிழக்குக் காற்றும் வற்றிய கடலும் இன்று காலைதான் ஒன்றாக வாய்த்திருந்தன.

“மணல் கரைக்குப் போம்மா. இடுப்பளவு தண்ணி. விழுந்தா மூக்குல மண்ணு ஏறும், அவ்வளவுதான்.”

“தேவாலயத்துக்குப் பின்னால ஒரு பாறை முனை இருக்காமே?”

“ஐயோ, அங்க இன்னிக்கு அலையே இல்ல. சாக்கடை நாத்தம் வேற. கடவுளே அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டார்!”

“ரொம்ப நன்றி சார்.”

அவள் போய் அரை மணி கழித்து ஃபின்டன் கடையைப் பூட்டிக்கொண்டு பாறை முனைக்குப் பறந்தார். அங்கே ஆளுயர அலை கண்ணாடிபோல் எழுந்தது. அதன்மேல் அலட்சியமாகச் சறுக்கி வந்தாள் இனெஸ்.

“உன்னை மணல் கரைக்குத்தானே போகச் சொன்னேன்!”

“போர்ச்சுகல்ல நானும் பலகைக் கடைதான் சார் வெச்சிருக்கேன். நல்ல அலை இருக்கிற இடத்தைப் பத்தி வெளியூர் ஆளுங்ககிட்ட நானும் இப்படித்தான் சொல்வேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் வாடிக்கைக்காரங்க பதினாலு பேர் வேன்லருந்து இறங்கறாங்க.”