அதுதான் சார் ஜாவா

மானேஜர் சுயம்புலிங்கம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோதே என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில், என் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் அய்யூப் பாயின் பிரவுசிங் சென்டர். ராஜபாளையத்து மனுஷர் மழையோடு மழையாக பஸ் ஏறி, நான் இருக்கும் இடத்தை விசாரித்து வந்து, என் பக்கத்திலேயே உட்கார்கிறார் என்றால், நிச்சயமாக அது பால்கோவா வாங்க வந்த வழியில் அல்ல.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "நம்பி, இந்த அட்ரஸப் போடு."

என் ஹோம் பேஜின் முகவரி. நடுவில் வருகிற '~' குறியைப் பாம்பு மாதிரி வரைந்திருந்தார். பாம்புக்குக் கண்ணும் வைத்திருந்தார்.

அது 1999. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. எங்கள் பேண்டேஜ் துணி கம்பெனியின் புரோகிராம்களில் வருஷத்தைத் திருத்துவதுதான் எனக்கு வேலை. கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வாரமெல்லாம் வருஷத்தைத் திருத்துவேன். சனிக்கிழமையானால் இங்கே வந்து, மானேஜரைப் பற்றித் தமிழில் எழுதி இன்டர்நெட்டில் போடுவேன். ஆபீசில் திறக்க முடியாத வாயை எங்கேயாவது திறக்கத்தானே வேண்டும்?

எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

கீபோர்டு சத்தம் கேட்காவிட்டால் நான் தூங்குகிறேன் என்பார். அதனால் யோசிக்கும்போதெல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே யோசிப்பேன். புதிதாக எழுதும் ஒவ்வொரு புரோகிராமையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவர் ரப்பர் ஸ்டாம்பு குத்திய பிறகுதான் அது ஓடலாம்.

கம்ப்யூட்டர் குழம்பிப்போய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் திரும்பிவிடும் என்று ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "போனா போகட்டும். அங்கன பருத்தி என்ன வெலைன்னு மட்டும் கேட்டு வையி" என்றார்.

எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவர் பேரைத்தான் போடவில்லை.

தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் திறந்தால் நான் கம்ப்யூட்டரிலும் இருக்க மாட்டேன், மாப்பிள்ளையாகவும் இருக்க மாட்டேன்.

குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு முகவரியை அடித்தேன். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது.

ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை.

கொம்பு முளைத்த ஏ, வால் முளைத்த சி, தலைகீழான கேள்விக்குறி. திரை முழுக்க அதுதான்.

வைரஸ் புகுந்துவிட்டதென்று அய்யூப் பாய் முந்தாநாள்தான் அந்த மெஷினைச் சுத்தமாகத் துடைத்திருந்தார். நான் ஏற்றி வைத்திருந்த தமிழ் ஃபாண்டும் அதோடு போய்விட்டது. ஃபாண்ட் இல்லாவிட்டால் என் தமிழ் இப்படித்தான் தெரியும். அந்த வைரஸை எழுதின புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"இது என்ன பாஷைப்பா?"

"இதுவா? அதுதான் சார் ஜாவா."

கல்லாவிலிருந்தே அய்யூப் பாய் கைகொடுத்தார். அவர் என் வாசகர். "புதுசா வந்துருக்கு சார். அமெரிக்காவுலயே பாதிப் பேருக்குத்தான் வாசிக்கத் தெரியும்."

தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் படம் இறங்கியது. படத்துக்கு ஃபாண்ட் தேவையில்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு ஆள். நானே வரைந்தது. கை மேலும் கீழும் போய் ஸ்டாம்பு குத்திக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தவர் கழுத்திலும் மப்ளர், அதே கட்டம் போட்டது.

"இது யாரு?"

"அதுதான் சார் வைரஸ்."

தலையை ஆட்டினார். மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கொம்புகளையும் வால்களையும் வரிவரியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

பாதியில் விரல் நின்றது.

"பருத்தி வெலை கேட்டேம்லா, அது இதுல எங்கன வருது?"

அய்யூப் பாய் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"எம்மக பூரணி நியூஜெர்சில இருக்கால்லா, அவதான் கண்டுபிடிச்சா. எங்கப்பாவத் தவிர எவன் இப்படிக் கேப்பான்னு சொல்லிச் சிரிச்சா. அவ மெஷின்ல தமிழ் தெரியுதாம்."

"சார், மன்னிச்சிருங்க சார். இப்பமே எல்லாத்தையும் அழிச்சிர்றேன்."

மவுசுக்குப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகப் பிடிக்கவில்லை. விடவும் இல்லை.

"அவ அம்மா போன பொறவு மாசத்துக்கு ஒரு போனு. சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா, வச்சிரட்டுமா. அம்புட்டுதான். இப்பம் ஞாயித்துக்கெழம தவறாமப் பேசுதா. நீ எழுதுனத வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கா. நானும் செத்த நேரம் சிரிக்கேன்."

வேலை தப்பித்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் மடியில் கிடந்த மப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையை விட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்காமல் வந்துவிட்ட பையனைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. இந்த வாரம் நான் கிறுக்குத்தனமா ஒண்ணுமே பண்ணலையேப்பா. என்னத்த எழுதுவ?"