நாகலூர் வழி

ஏற்காட்டு மலைப்பாதைகளுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் அது. சிவக்குமார் ஒவ்வொரு பாதையாக நடந்து, நடந்த வழியைச் செல்போனில் பதிவு செய்து வந்த எக்ஸ்எம்எல் ஃபைல்கள் குவிந்திருந்தன. அங்கேயே வேலை பார்க்கும் கீர்த்திகா கம்ப்யூட்டரில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட், எல்லாவற்றையும் நொடியில் ஒரே வரைபடமாகச் சேர்த்தது. திரையில் வரைபடத்தைப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, எந்தப் பாதையில போனாலும் நாகலூர் சுத்தித்தான் வந்திருக்கீங்க?”

“ஸ்கிரிப்ட்ல தப்பிருக்கும்.”

“அது சரியாத்தான் இருக்குதுங்க. எல்லாக் கோடும் எங்கம்மா ஊட்டு வாசல்ல நின்னுட்டுத் திரும்புது.”

சிவக்குமார் தலைகுனிந்தான். “உள்ள வரத்தான் தைரியம் வரல.”

கீர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பிறகு, கணவனைப் பார்த்து அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

“சாயங்காலம் உள்ளயே வாங்க. என் பொட்டிய யாரு தூக்கறது?”