பதினான்காவது தூண்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பழைய பண்ணை வீட்டை விற்க, பழங்கட்டட நிபுணர் டாக்டர் ஃபென்விக்கின் ஆய்வறிக்கை மட்டும்தான் பாக்கி. அது கிடைத்தால் எட்கர் கெரிட்ஜ் மகள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத் தூண்களில் வரிசை எண் செதுக்கித்தான் நிறுத்துவார்கள். வீட்டுப் பத்திரத்தில் பன்னிரண்டு தூண். மூன்று புத்தகம் எழுதிய ஃபென்விக் எண்ணினால் பதின்மூன்று.

“என் கணக்கு தப்பாது, மிஸ்டர் கெரிட்ஜ்.”

“அதான் சார் பயமே. எண்ண எண்ணக் கூடுது. பன்னிரண்டுன்னு எழுதிட்டுக் கிளம்புங்களேன்.”

ஃபென்விக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு தூணாகத் தட்டி உரக்க எண்ணினார். பதினான்காவதைத் தட்டியபோது கை ஈரமானது. இப்போதுதான் வெட்டிய மரம்போல் சாறு கசிந்தது. அது நின்றது, வீட்டின் ஒரே வாசல் இருந்த இடத்தில்.

எட்கர் பெருமூச்சுவிட்டு, இருவருக்கும் தேநீர் போடத் தண்ணீர் வைத்தார்.